வெள்ளந்திகளும் கணக்குக் கேட்பவர்களும்

கேரள எல்லையோரத் தமிழ் வாழ்க்கையைப் பற்றி ஒரு நாவலோ படமோ வந்தால் போதும், மதிப்புரைகளில் 'வெள்ளந்தி மனிதர்கள்' தாமாக வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவரானாலும் சரி, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருபவரானாலும் சரி, எல்லோரும் ஒளிவுமறைவு அறியாதவர்கள், அன்பைத் தவிர வேறு சொத்து இல்லாதவர்கள். நகரத்தில் உறவுகள் கெட்டுவிட்டன, எளிமையும் நேர்மையும் மலையடிவாரத்தில்தான் மிச்சம் என்பது இலக்கியக் கூட்டங்களில் இன்று சுலபமாகக் கைதட்டல் வாங்கும் சரக்கு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இந்த எல்லையை எழுதிய நல்ல படைப்புகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால் கிடைப்பது இதற்கு நேர்மாறான செய்தி. அங்கே இருவர் ஒருவருக்கொருவர் உண்மையாக இருந்திருக்கிறார்கள் என்றால், யாரோ ஒருவர் கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்.

இந்த மயக்கத்துக்கு ஒரு அரசியல் காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. கைவிட்டுப்போன நிலத்தின் மக்களை நல்லவர்களாக மட்டுமே நினைத்துப் பார்ப்பது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. அவர்களுக்குள்ளும் சொத்துத் தகராறும் கள்ள உறவும் வட்டிக் கடனும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டால் அந்த ஆறுதல் குலைந்துவிடும்.

ஆரம்ப காலத்தை விரைவாகவே கடந்துவிடலாம். கு.ப.ரா., மௌனி தொடங்கி தி. ஜானகிராமன் வரை நம் நவீன உரைநடை சொல்லாமல் விட்டதையே பெரிதாக வளர்த்தது. 1966-இல் வந்த 'அம்மா வந்தா'ளில் தண்டபாணிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தபடியே ஒரு குடும்பம் நடக்கிறது. அந்த மௌனத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து எழுதக் கிளம்பிய இரண்டு தலைமுறைக்கு, பேசாமல் இருப்பதே ஆழம் என்றாகிவிட்டது. வண்ணதாசனின் நல்ல கதைகளை விட்டுவிடுகிறேன். அவரைப் பார்த்து எழுதியவர்களின் கதைகளில் ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பியைக் கையில் கொடுத்து ஜன்னல் ஓரம் உட்காரவைத்துவிட்டால் உறவு முடிந்தது.

இதற்கு மாற்று வெகு முன்பே, 1942-இல், வந்துவிட்டது. ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' கொங்கு நாட்டுக் கதை. அந்தக் கொங்குப் பேச்சு பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கிச் சித்தூர் தாலுகாவின் வடகரப்பதி, எருத்தேன்பதி வரை பரவியிருக்கிறது. நாகம்மாள் விதவை. கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். முடிவு கொலை. நாகம்மாளை அகந்தைக்காரி, ஊர்வாயில் விழுந்தவள் என்று படித்துப் பழகியிருக்கிறோம். அந்த வீட்டில் மனதில் இருப்பதை மறைக்காமல் பேசியவள் அவள் ஒருத்திதான் என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? சின்னப்பன் நல்லவன்தான். ஆனால் அவன் நல்லவனாக இருப்பதில் பங்குப் பேச்சைத் தள்ளிப்போடுவதும் சேர்ந்தே இருக்கிறது.

பாலக்காட்டின் பெரிய நாவல்கள் மலையாளத்தில் எழுதப்பட்டவை என்பதால் தமிழ் விமர்சகர்கள் அவற்றைத் தனிக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் 'வேர்கள்' தமிழ் பேசும் ஐயர் குடும்பத்தின் கதை. ஐ.ஏ.எஸ். அதிகாரி ரகு, மனைவி கீதாவின் வற்புறுத்தலால், நகரத்தில் வீடு கட்டப் பூர்வீக நிலத்தை விற்க ஊருக்கு வருகிறான். கடைசியில் விற்பதில்லை என்று தீர்மானிக்கிறான். வேர்களைக் கண்டுகொண்டான் என்று வாசகர்கள் உருகினார்கள். அந்தத் தீர்மானத்தை அவன் தனியாகவே எடுத்தான் என்பதுதான் என் புகார். கணவன் மனைவி இடையிலான ஒரு வழக்கில், எதிர்த்தரப்பை விசாரிக்காமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' வேறு ரகம். 1969-இல் நூலாக வந்தது. யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துத் தஸ்ராக் கிராமமே கசாக். தமிழோடு வேர்த் தொடர்புள்ள ராவுத்தர்கள் நிறைந்த ஊர். அல்லாப்பிச்சை மொல்லாக்கா, மைமூனா, அப்புக்கிளி என்று அந்தப் பெயர்களைச் சொன்னாலே நம் ஆட்கள் மாய உலகம், கள்ளமற்ற கிராமம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஓராசிரியர் பள்ளிக்கு வாத்தியாராக வரும் ரவி, சிற்றன்னையோடு நேர்ந்த உறவின் குற்றவுணர்விலிருந்து தப்பி ஓடிவருபவன். சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்துவரும் நகரத்துப் படிப்பாளிக்குத்தான் எளிய ஊர் தேவைப்படுகிறது என்பதை விஜயன் எவ்வளவு குரூரமான தெளிவோடு காட்டியிருக்கிறார்! கசாக்குக்காரர்களுக்கு அந்த எளிமை தேவைப்படவே இல்லை. பொறாமை, மதம், உடல், அதிகாரம் என்று அவர்களுக்குள் எல்லாக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரவி கசாக்கை நேசித்தான். தன்னைப் பற்றிய உண்மையை அங்கேயும் இறக்கிவைக்கவில்லை. கடைசியில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது பாம்பு தீண்டுகிறது.

இனி மலைக்குப் போகலாம். என் மனம் இருப்பது அங்கேதான்.

பாலக்காட்டுப் பரம்பிக்குளத்துக்கும் இடுக்கி மூணாறுக்கும் நடுவில் கிடக்கிறது வால்பாறை. அங்கே தோட்ட மருத்துவராக இருந்து தொழிற்சங்கம் கட்டியவர் பி.எச். டேனியல். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' 1969-இல் வெளியாகி, பல ஆண்டுகள் கழித்து இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது. திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் கங்காணியிடம் முன்பணம் வாங்கி மலையேறுகிறார்கள். கணக்கு முடிக்கும் நாளில், முன்பணமும் பற்றும் கழித்துப் பார்த்தால் கடன்தான் மிச்சம். ஊர் திரும்ப வழியில்லை. அட்டைக்கடி, காய்ச்சல், துரையின் கண் எல்லாம் அந்தத் தம்பதியைச் சூழ்ந்திருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் அந்த மண உறவு நிற்கிறதென்றால் அதற்கு மலைக்காற்றின் தூய்மை காரணமில்லை. எவ்வளவு கடன், யாருக்குப் பயம், எதைத் தாங்க முடியாது என்பதெல்லாம் லயத்தின் ஒற்றை அறையில் இரண்டு பேருக்கும் தெரிந்தே இருக்கிறது. மறைக்க இடமே இல்லாத வீடு அது. டேனியலின் உரைநடை மருத்துவக் குறிப்புப் போல வறண்டது. எனக்கு அந்த வறட்சி பிடித்திருக்கிறது.

டி. செல்வராஜுக்கு 'தோல்' நாவலுக்காக 2012-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எல்லோரும் 'தோ'லைப் பேசினார்கள். அவருடைய முன்னோர் கங்காணிகளாக இருந்த மலைத்தோட்ட உலகை எழுதிய 'தேநீர்' பேச்சில் அடிபடவே இல்லை. முற்போக்கு முகாமின் பிரசாரம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது சிற்றிதழ் வாசகரின் பழைய பழக்கம். கூலிக்காரர் வீட்டில் அன்பைப் பேச வேண்டுமானால் கூலியைப் பேசாமல் முடியாது என்று செல்வராஜின் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் விடுவதை வழிபட்டவர்களுக்கு அது அநாகரிகமாகப் பட்டது.

2015 செப்டம்பரில் மூணாறுச் சாலையில் உட்கார்ந்த பெண்களிடம் யாரும் நாகரிகம் பற்றிப் பேசியிருக்க முடியாது. பெரும்பாலும் தமிழ் பேசும் கொழுந்து பறிக்கும் பெண்கள். 20 சதவீத போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டதும் 'பெண்கள் ஒற்றுமை' என்று திரண்டார்கள். நாள்கூலி அப்போது 232 ரூபாய், கேட்டது 500. ஒன்பது நாள் போராட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர்களை அருகிலேயே விடவில்லை. நிர்வாகத்தோடு இருந்த சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அந்தச் சங்கங்களில் இருந்தவர்கள் அண்ணன் முறை, மாமன் முறை, சில வீடுகளில் கணவனே. எங்கள் பெயரில் நீங்கள் என்ன பேசி முடித்தீர்கள் என்று வீட்டு ஆணிடம் தெருவில் நின்று கேட்பதை எந்த மதிப்புரைக்காரர் வெள்ளந்தித்தனம் என்பார்?

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) தேனி-இடுக்கி எல்லையில் மூட்டை சுமக்கும் ரெங்கசாமியின் கதை. இசை, அதே அடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. (1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் இன்னொரு ருசி கிடைக்கும்.) அருமையான படம், மிக மோசமாகப் பாராட்டப்பட்ட படமும்கூட. ரெங்கசாமியின் அப்பாவித்தனத்தைக் கொண்டாடாதவர் இல்லை. விதையும் உரமும் கடனாக வரும்போது அவன் நிபந்தனை கேட்பதில்லை. நிலம் போகிறது. சொந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவல்காரனாகிறான். இதைப் பார்த்துவிட்டு அப்பாவித்தனத்தைப் புகழ்கிறவர் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்து போயிருக்க வேண்டும். கம்பம், தேவாரம், போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் அடைந்து மேலே போகும் பெண்கள் இதைவிடத் தெளிவானவர்கள். போன வாரக் கைமாத்து என்னாச்சு என்று ஒருத்தி கேட்பாள். சனிக்கிழமை தாரேன், அதுக்கு முன்னால கேக்காத என்று மற்றவள் சொல்வாள். அதற்குப் பிறகும் இருவரும் ஒரே தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுவார்கள்.

போடிப் பக்கத்துக்காரரான சு. வேணுகோபாலின் 'கூந்தப்பனை' இந்தத் திசையில் நம்மிடம் உள்ள மிகத் துணிச்சலான எழுத்து. ஆண்மையில்லாத கணவன் தன் மனைவியை நண்பனுக்கே மணம் செய்துவைக்கிறான். உண்மையைச் சொல்லிவிட்டால் விடுதலை என்ற வசதியான முடிவு அதில் கிடையாது. சொன்னதற்கான விலை கடைசிவரை வசூலாகிக்கொண்டே இருக்கிறது. படித்து முடித்தவர் யாரும் அதை இனிமையான கதை என்று சொன்னதில்லை, நல்லவேளை.

எல்லையோர இலக்கியத்துக்குப் பாடத்திட்டமோ தொகுப்போ போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. 'நாகம்மா'ளில் தொடங்கி 'எரியும் பனிக்காடு', 'தேநீர்', 'கூந்தப்பனை' என்று வரிசை வையுங்கள். 'வேர்கள்' வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கீதாவின் தரப்பிலிருந்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லி மாணவர்களிடம் கொடுங்கள்.