நாருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு தரகர்

காளஹஸ்தி கலம்காரித் துணி ஓவியத்தில் சிவப்புச் சாயம் பருத்தி நூலைத் தானாகப் பற்றுவதில்லை. நடுவே படிகாரம் வேண்டும். சித்தூர் மேட்டுக்காட்டு வேலிகளில் நிற்கிற ரயில் கற்றாழையின் நாரைப் பாலிபுரொப்பிலீனில் கலந்தாலும் இதே தகராறு. நார் தண்ணீரை இழுக்கும். பிளாஸ்டிக்குக்கு அது ஆகாது. இந்தக் கலவையில் செய்த பலகையை முறித்தால் நார்கள் முழுசாக உருவிக்கொண்டு நிற்கும், எதிர்ப்பக்கம் வெறும் ஓட்டைகள்.

இங்கே மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரொப்பிலீனைத் தரகராக நூற்றுக்குச் சில பங்கு சேர்த்தால் போதும். அதன் ஒரு முனை நாரின் ஹைட்ராக்சிலோடு பிணையும், வால் பிளாஸ்டிக்கில் பின்னிக்கொள்ளும். இப்போது முறித்தால் நார் உருவாமல் அங்கேயே அறும். எனக்கு ரசனை இந்த முறிவில்தான்! இழுவலிமை ஏறும், நீர் ஊறுவது குறையும். விறைப்பு மட்டும் பெரிதாக அசையாது. தரகரை அளவுக்குமேல் சேர்த்தால் வலிமையே இறங்கவும் கூடும்.