முழங்கால் மூட்டும் எந்திரக் கையும்

ரோபோ செய்யும் மூட்டு மாற்று சிகிச்சை, இம்மியும் பிசகாத துல்லியம் என்ற பாணியில் ஒரு விளம்பரப் பலகையை நீங்களும் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பெரியம்மா பார்த்துவிட்டார். வயது அறுபத்தாறு. இரண்டு வருடமாக இடது முழங்காலின் உட்புறத்தில் வலி; மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடுவதில்லை. வீட்டில் பௌதிகம் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. “ஏன்டா தம்பி, டாக்டர் கை நடுங்கினாலும் ரோபோ கை நடுங்காதாமே? பணம்தான் கூடக் கேட்கிறார்கள். வளையலை விற்றாவது அதையே பண்ணிக்கொள்ளட்டுமா?”

நான் டாக்டர் அல்லன். பெரியம்மாவுக்கு அறுவை வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ‘துல்லியம்’ என்பது எங்கள் ஆய்வுக்கூடத்துச் சொல். அதை ஒருவர் பலகையில் எழுதிப் பணம் கேட்கும்போது, அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க எனக்கு உரிமை உண்டு.

முதலில் மூட்டைப் பார்ப்போம். முழங்காலில் மூன்று அறைகள் இருப்பதாகக் கொள்ளலாம்: உட்புறம், வெளிப்புறம், சிப்பி எலும்புக்குப் பின்புறம். எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு வழவழப்பாகப் போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. எனவே தேய்ந்தால் எளிதில் வளராது. சமதரையில் நடக்கும்போது முழங்காலின் மேல் விழும் விசை உடல் எடையைப் போலச் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்று மடங்குக்கும் மேல். செயற்கை மூட்டுக்குள்ளேயே விசையளக்கும் கருவியை வைத்து ஜெர்மனியில் இதை அளந்திருக்கிறார்கள். பெரியம்மாவின் எடை 70 கிலோ. ஒவ்வோர் அடிக்கும் 175 கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் பெரும்பங்கு உள் அறைக்கே போகிறது. அதனால்தான் பலருக்கு உட்புறம் மட்டும் முதலில் தேய்ந்து, கால் வில்லாக வளைகிறது.

ஓர் அறை தேய்ந்ததற்கு மூட்டு முழுவதையும் மாற்றுவானேன் என்ற கேள்வியில் பிறந்ததே பகுதி மாற்று சிகிச்சை. ஆக்ஸ்போர்டில் குட்ஃபெலோ என்ற எலும்பு மருத்துவரும், ஓ’கானர் என்ற பொறியியல் அறிஞரும் சேர்ந்து அமைத்த மூட்டு 1976-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1982 முதல் அது ஒரே அறைக்கு மட்டும் பயன்பட்டு வருகிறது. மருத்துவத்தில் நம் விசையியல் நுழைந்த நல்ல இடங்களில் இது ஒன்று என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. போகட்டும்.

பகுதி மாற்றில் ஒரு தொல்லை. தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பொருத்திவிட்டால் சுமை ஓரத்தில் குவியும். 5 செ.மீ. நீளமுள்ள தகடு ஒரு பாகை சாய்ந்தால் ஒரு முனை ஏறத்தாழ 0.9 மி.மீ. உயர்ந்துவிடும். சிறிய கீறல் வழியாகப் பார்த்துக்கொண்டு எலும்பை அறுப்பவருக்கு ஒரு பாகை என்பது கண்ணுக்குத் தெரிகிற அளவா, சொல்லுங்கள்? எந்திரத்துக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

அந்த எந்திரம் என்ன செய்கிறது? இன்று பரவலாக உள்ள வகையில், முன்கூட்டியே எடுத்த சி.டி. ஸ்கேனிலிருந்து கம்ப்யூட்டர் எலும்பின் உருவத்தை அமைக்கிறது. எந்த அளவு தகடு, எந்தக் கோணம் என்று மருத்துவர் திட்டமிடுகிறார். அறுவையின்போது எலும்பில் பொருத்திய அடையாளக் குறிகளை அகச்சிவப்புக் கேமரா கவனிக்கிறது. கடைசல் முனையைப் பிடித்து நகர்த்துவது மருத்துவரின் கைதான். திட்டமிட்ட எல்லையைத் தாண்டப் போனால் எந்திரக் கை எதிர்த்து நின்றுவிடுகிறது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் வண்டியை ஓட்டுவதில்லை, விழாமல் தடுக்கிறது. ஆகவே ‘ரோபோ செய்யும்’ என்ற சொல்லே முதல் பிழை. தானாகவே எலும்பைக் குடையும் எந்திரம் இருந்ததில்லையா என்றால், இருந்தது. 1992-ல் அமெரிக்காவில் இடுப்பு மூட்டுக்கு அப்படி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பலகை காட்டுவது அதை அன்று.

இனி துல்லியம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான எந்திரத்தைக் கொண்டு நடத்திய சோதனை 2006-ல் வெளியாயிற்று. 28 மூட்டுகள். எந்திர உதவியுடன் செய்த 13-லும் காலின் கோணம் திட்டமிட்டதற்கு 2 பாகைக்குள் அமைந்தது. கையால் செய்த 15-ல் 6 மட்டுமே அப்படி அமைந்தன. சிறிய சோதனைதான், ஆனாலும் வித்தியாசம் பெரிது. பின்னர் கிளாஸ்கோவில் 139 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தபோதும் எந்திரமே திட்டத்துக்கு நெருக்கமாக நின்றது. எனவே எந்திரம் துல்லியமானது என்பது பொய்யன்று.

ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சென்ற ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். யங் குணகம் காணும் சோதனை. ஒரு மாணவர் கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் பத்து இடங்களில் அளந்து, சுழித் திருத்தமும் செய்து, நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வரை அழகாக எழுதியிருந்தார். விடை மட்டும் ஒத்துவரவில்லை. அவர் அளந்தது மேசையில் கிடந்த வேறொரு கம்பி!

எந்திரம் திட்டத்தை அப்படியே நிறைவேற்றும். திட்டம் சரியா என்பதை அது அறியாது. ஒரு நோயாளிக்கு எந்தக் கோணம் மிக நல்லது என்பதை ஒரு பாகைக்குள் சொல்லும் அறிவு மருத்துவத்துக்கு இன்னும் கைவரவில்லை. நோயாளி வேண்டுவதும் கோணத்தை அன்று, வலியில்லாத நடையை. அதைக் கிளாஸ்கோவில் அளந்தார்கள். முதல் சில வாரங்களில் எந்திரக் குழுவினருக்கு வலி குறைவு. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், இரண்டு, ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் மூட்டின் இயக்க மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. ஐந்து ஆண்டுகளில் மறுபடியும் அறுவைக்குப் போக நேர்ந்தவர்கள் எந்திரக் குழுவில் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் இரு குழுக்களுக்கும் பொருத்திய மூட்டே வேறு வேறு வகை. ஒன்றில் நிலையான தகடு, மற்றதில் நகரும் தகடு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு, விளைவை ஒன்றின் கணக்கில் எழுதினால் என் முதலாண்டு மாணவருக்கே மதிப்பெண் குறைப்பேன்.

பலகை சொல்லாத வேறு சில செய்திகள் இதைவிடப் பெரியவை. முழு மாற்று, பகுதி மாற்று இரண்டையும் பிரிட்டனில் 528 நோயாளிகளிடம் ஒப்பிட்ட சோதனை 2019-ல் வெளியானது, எந்திரம் பற்றியதன்று. ஐந்து ஆண்டுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன். செலவில் பகுதி மாற்று சிக்கனம். மறுபுறம், பகுதி மாற்றில் மீண்டும் அறுவை தேவைப்படுவது முழு மாற்றைவிட அதிகம் என்று பல நாடுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. அதிலும், பகுதி மாற்றை எப்போதோ ஒருமுறை செய்யும் மருத்துவர்களிடம் அது கூடுதல். இந்தப் பழக்கத்தை எந்திரம் எவ்வளவு ஈடுகட்டும் என்று பலகை எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் நம் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வகுத்தது. அந்த உச்சவரம்பு மூட்டுக்கு; எந்திரத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்துக்கு அன்று.

பெரியம்மாவிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். தேய்ந்திருப்பது ஓர் அறையா, மூன்றுமா? வருடத்துக்கு எத்தனை பகுதி மாற்று செய்கிறீர்கள்? எந்திரம் இல்லாமல் செய்தால் எனக்கு என்ன குறையும்? டாக்டர் நல்லவர், கோபிக்கவில்லை. நின்றபடி எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கச் சொன்னார். தேய்மானம் இன்னும் நடுத்தரம்தான், மூன்று மாதம் தொடைத் தசைப் பயிற்சி, எடையில் ஐந்து கிலோ குறையுங்கள், பிறகு பேசலாம் என்றார். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைவதாக 2005-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. பெரியம்மா இப்போது காலையில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு மட்டும் டாக்டர் பதில் சொல்லவில்லையாம்.