திருநீலகண்டர் இல்லறம்

தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களிற் கணவனும் மனைவியும் ஒருங்கு உழைக்கும் சாத்தூர்ப் பக்கத்தில், பிணங்கிய தம்பதியர்க்குத் திருநீலகண்ட நாயனார் புராணத்தை எடுத்துரைப்போர் சிலர் அதனை மனைவியின் பொறுமைக்கு இலக்கியமாகக் காட்டுகின்றனர். அது பொருந்தாது.

தில்லைக் குயவனாராகிய நாயனார் பரத்தையிடம் சென்று மீண்டபோது, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாதெனத் தடுத்தவர் மனைவியாரே. அவர் தம்மைப் பன்மையாற் சுட்டிய ஒரு சொல்லைக் கொண்டு, மாதர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என நாயனார் உறுதி பூண்டார். ஆணையிட்டவர் அம்மையார், அதற்கு அடங்கினவர் கணவர். இருவரையும் பிரித்ததும், ஓரில்லிற் பிரியாது நிறுத்தியதும் அத்திருநாமத்தின்பால் வைத்த அன்பேயாம். அயலார் அறியாமலே முதுமை வந்தது.

சிவயோகியாய் எழுந்தருளிய பெருமான் அவ்விருவரையும் இருத்தி உபதேசித்தாரல்லர். ஓடொன்றைக் கொடுத்து, அதனைத் தாமே மறைத்து, மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்க என வழக்கிட்டார். இருவரும் மூங்கிற்கோலின் இருதலையைப் பற்றியபோதும் விட்டாரல்லர். கைப்பற்றாமைக்குக் காரணம் கணவர் வாயாலேயே பலரறிய வெளிப்பட்டது. சமரசம் பேசுவோர் ஊன்றி நோக்கத்தக்க இடம் இதுவே: பொறுத்தருள்க என மனைவியாரை ஒருவரும் வற்புறுத்திலர், ஆணையும் மீறப்படவில்லை. கோலைப் பற்றியபடியே மூழ்கி, இருவரும் இளமை பெற்று எழுந்தனர்.

இத்துணைச் சிறப்பினராகிய அம்மையாரின் பெயரைச் சேக்கிழார் கூறாது விட்டமை நமக்கு ஒரு குறையே.