பட்டிக்கு அடியில்

வளைகுடாவில் பழைய நிஸ்ஸான் பேட்ரோலைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் குதிரைத்திறனில்தான் தொடங்குவார்கள். ஒய்61 வண்டி, டிபி48 இன்ஜின், 4.8 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். கம்பெனியிலிருந்து வரும்போது டர்போ கிடையாது. அது, அந்த பிளாக்கின் உறுதியை நம்பி இங்குள்ளவர்கள் பொருத்திக்கொண்டது. லிவாவில் சுமார் 300 மீட்டர் உயரமுள்ள தல் மொரீப் மணல்மேட்டில் அந்த வண்டிகள் ஏறும் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்படி ஒரு வண்டி இருபது வருடம் கழித்து, வீட்டோர ஷெட்டில் துருவோடு வந்து நிற்கும்போதுதான் கலையே தொடங்குகிறது.

பாலைவனத்தில் ஏது துரு என்று ஊரில் கேட்பார்கள். லிவா பக்கமே கிடந்த வண்டிக்குப் பெரிய பயமில்லை. கடலோர வண்டியின் கதை வேறு. ஷார்ஜா, அஜ்மானில் கோடை இரவுக் காற்று உப்பும் ஈரமுமாக இருக்கும். படகு இறக்கப் பின்சக்கரம் வரை கடலுக்குள் போன வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்துக்குள் புகுந்த மணல் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது.

டிங்கரிங் தெரிந்தவர் ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்று பேசும், அரித்த தகடு மந்தமாக. மந்தம் முடியும் இடத்தையும் தாண்டி வெட்டுவார். பட்டி போட்டு மூடினால் அரை நாளில் வேலை முடியும், மறுகோடையில் கொப்புளம் திரும்பும். புதுத் துண்டைத் தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும் என்பதால் இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று தள்ளித் தள்ளி வைப்பார். ஆகஸ்டில் தேய்த்த இரும்பை வெறுமனே விட்டால் விடிவதற்குள் செம்மை படர்ந்துவிடும். எனவே அன்று மாலையே பிரைமர். ஷார்ஜா அரசு ஊழியர்களுக்கு 2022-இலிருந்து வாரந்தோறும் மூன்று நாள் விடுமுறை. இந்தப் பித்துள்ளவர்களுக்கு அது பெரும் வரம்.

டர்போவைச் சோதிக்க விரல் போதும். நிமிடத்துக்கு லட்சம் சுற்று சுற்றும் தண்டு, எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், அது எண்ணெய்க்கான இடம். முன்பின்னாக அசைவது கைக்குத் தெரிந்தால் கழற்ற வேண்டியதுதான். பொருத்தியபின் இக்னிஷனைத் துண்டித்து, எண்ணெய் அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிடுவார்கள். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது.

புதுப்பித்த பேட்ரோலை யாராவது காட்டினால் பானெட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். குனிந்து கதவடிச் சட்டத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். யாரும் பார்க்காத அந்த இடத்திலும் இணைப்பு வழவழப்பாக இருந்தால், உள்ளே மெழுகும் பூசியிருந்தால், செய்தவர் யாரென்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.