வேல் கொடுத்த தாயும் ஷெல்லடி கண்ட தாயும்

மேடை ஏறுகிறோம், மறக்குடித் தாயின் மாண்பினை முழங்குகிறோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றின் 279ஆம் பாட்டு நம் நாவிலே தவழ்கிறது. பிறந்த வீட்டான் போரிலே மாண்டான். கொண்ட கணவனும் களத்திலே வீழ்ந்தான். எஞ்சிய ஒரே மகனுக்குத் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேல் கொடுத்து அனுப்பினாள் அன்னை! கையொலி வானைப் பிளக்கிறது. கைதட்டிய தோழர்களைக் கேட்கிறேன்: பாட்டை முழுவதும் படித்தீர்களா?

பாடியவர் ஒரு பெண். அவர் வாழ்த்தோடு தொடங்கவில்லை. அத்தாயின் துணிவு எத்துணைக் கடுமையானது என்ற திடுக்கிடலோடு தொடங்குகிறார். போர்ப்பறை கேட்டு அவள் விரும்பினாள் என்பதோடு நில்லாமல், மயங்கினாள் என்றும் சொல்லி வைக்கிறார். துறை வகுத்தோர் 'மூதின் முல்லை' என்று பெயர் சூட்டினர். மேடையினரோ மயக்கத்தை மறைத்தனர். மறத்தை மட்டும் மொழிந்தனர். இது புலவருக்குச் செய்யும் சிறப்பா, சிதைப்பா?

அன்று வேல். எறிந்தவனும் ஏற்றவனும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். இன்று?

திருவள்ளூர் மாவட்டத்துக்கு வெடிமருந்து புதிதன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வெடிமருந்து செய்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர். ஆவடித் தொழிற்சாலையில் 1965இல் விஜயந்தா டாங்கி உருவாயிற்று. பின்னாளில் அதன் அடிச்சட்டத்தின்மீது 130 மில்லிமீட்டர் பீரங்கி ஏற்றப்பட்டது. ஏறத்தாழ 33 கிலோ எடையுள்ள குண்டை 27 கிலோமீட்டர் தொலைவுக்கு வீசவல்லது அது. கும்மிடிப்பூண்டியில் முழங்கினால் பொன்னேரிக்கும் அப்பால் விழும்!

ஒருவன் குண்டைச் சுமக்கிறான், ஒருவன் குறி பார்க்கிறான், ஒருவன் சுடுகிறான். வீழ்ந்தது படைஞனா, பால்மணம் மாறாப் பிள்ளையா? மூவரும் அறியார். ஓயாத வெடியோசை பீரங்கியாளனின் செவியையே தின்கிறது. ஊர் திரும்பியவனிடம் மனைவி உரக்கப் பேசவேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு எந்தப் புலவன் துறை வகுத்தான்?

அதே கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் 'ஷெல்லடி' என்னும் ஒரு சொல்லில் ஒரு காலத்தையே அடக்கிப் பேசுகிறார்கள். 2009இல் முடிந்த அப்போரின் இறுதிக் கட்டத்தில் மடிந்த குடிமக்களில் பெரும்பாலோரைக் கொன்றது அரசுப் படையின் எறிகணை வீச்சே என்று 2011ஆம் ஆண்டின் ஐ.நா. வல்லுநர் குழு அறிக்கை உரைத்தது. அங்கே எந்தத் தாய் எவன் கையில் வேல் கொடுத்தாள்? பதுங்குகுழியில் பிள்ளையை அணைத்துக் கிடந்தாள்!

'தலையெழுத்து' என்று தேற்றுவோர் உண்டு. தொலைவு, காற்று, கோணம், வெடிமருந்தின் அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டு அனுப்பிய குண்டு அது. மனிதன் போட்ட கணக்கை ஆண்டவன் தலையில் கட்டுவது, கட்டளையிட்டவனைத் தப்பவிடும் தந்திரமன்றோ!

ஈழத் துயருக்குக் கண்ணீர் வடிக்கும் அதே மேடையில் போருக்குப் பரணி பாடுவது பகுத்தறிவாகாது. புறநானூற்றை எறியச் சொல்லவில்லை. முழுமையாகப் படிக்கச் சொல்கிறேன். மாசாத்தியாரின் திடுக்கிடலை மீட்டெடுப்போம். பீரங்கியாளன் வீட்டையும் முகாம் வீட்டையும் ஒருசேரப் பாடும் எழுத்துப் பிறக்கட்டும். வேல் கொடுத்த கைக்கு வணக்கம் சொல்லும் முன், அந்தக் கை நடுங்கியதா என்று கேட்போம்!