ரப்பர் இருந்த இடத்தில்

வளைவில் திரும்பும் காரின் உடல் வெளிப்புறமாகச் சாய்வதைத் தடுக்கப் பின்சக்கரங்களுக்கு இடையே பொருத்தப்படும் ஸ்டெபிலைசர் தண்டை, இன்னும் தடித்த ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை, வண்டியை நேசித்து ஓட்டும் பலருக்கும் ஒரு காலத்தில் எழுவது இயல்பு. அதற்காகும் செலவைக் கேட்டுத் தயங்குகிறவர்கள், பழைய தண்டை அப்படியே விட்டுவிட்டு, அதை அடிச்சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் ரப்பர் புஷ்களை மட்டும் கழற்றி, அவற்றின் இடத்தில் பாலியூரித்தேன் புஷ்களைப் பொருத்திக்கொள்கிறார்கள். சிக்கனமான இந்த உபாயத்திற்கு இருக்கும் புகழில் பாதி அதற்கு உரியதன்று. உண்மையில் உரிய புகழையோ எவரும் அதற்குத் தருவதில்லை.

கனடாவின் பிரெடெரிக்டன் நகரத்தவரான ஸ்டீபன் கோல்மன் 1919இல் காப்புரிமை பெற்ற இத்தண்டின் தத்துவம் எளியது. 'ப' வடிவில் வளைந்த எஃகுத் தண்டின் நடுப்பகுதி இரண்டு புஷ்களுக்குள் அமர்ந்திருக்க, அதன் இரு முனைகளும் இடவலச் சக்கரங்களின் தாங்கு கரங்களோடு இணைக்கப்பட்டிருக்கும். இரு சக்கரங்களும் ஒருசேர மேடேறினால் தண்டு புஷ்களுக்குள் வெறுமனே புரளும். ஒன்று உயர்ந்து மற்றொன்று தாழும்போதுதான் அது முறுக்குண்டு, தன் எதிர்ப்பைக் காட்டும். அந்த எதிர்ப்பு வண்டியின் உடலைச் சென்றடையும் வழியில் புஷ் குறுக்கே நிற்பதால், ரப்பர் எவ்வளவு நசுங்குகிறதோ அவ்வளவுக்கு எஃகின் முறுக்கம் குறைந்துபோகிறது. 1937இல் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஓட்டோ பேயர் கண்டுபிடித்த பாலியூரித்தேன் வகைகளுள் புஷ்களுக்குப் பயன்படுவது, ரப்பரைவிடக் கடினமானது, எளிதில் நசுங்காதது. ஆகவே ஸ்டியரிங்கைத் திருப்பிய மாத்திரத்தில், முன்பு ஒரு கணம் தாமதித்து எழுந்த பின்புறத்தின் பதில், இப்போது உடனே எழுகிறது. இது பிரமையன்று, கையில் பிரத்தியட்சமாகத் தெரிவது.

எனினும் இங்கே ஓர் ஒப்பீட்டுப் பிழை பெரும்பாலோர் கண்ணில் படாமலே போகிறது. புஷ் மாற்றியவர் தம் புதிய பாலியூரித்தேனை எதோடு ஒப்பிடுகிறார்? பல்லாண்டு வெயிலிலும் சேற்றிலும் கிடந்து, வெடித்து, துளை முட்டை வடிவாக அகன்றுபோன ரப்பரோடு. அந்த இடத்தில் நிறுவனத்தின் புதிய ரப்பர் புஷ்களையே போட்டிருந்தாலும், அவர் இன்று வியக்கும் மாற்றத்தில் பெரும்பகுதி கிட்டியிருக்கும் என்பதே என் அபிப்பிராயம்.

மேலும், புஷ் எத்தனை கடினமானாலும் தண்டுக்குத் தன் இயற்கைப் பலத்துக்கு மேல் ஓர் அணுவும் கூட்டித் தராது. இழந்ததை மீட்டுத் தரும், அவ்வளவே. தண்டின் விறைப்போ அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறுவது. 20 மில்லிமீட்டர்த் தண்டு 22 ஆனால், அதே நீளமும் அதே எஃகுமாயின், விறைப்பு சுமார் 46 சதவீதம் உயர்ந்துவிடும். வேகமாக வளைகையில் முகம் வெளிப்பக்கமாகவே விலகி ஓடும் முன்சக்கர இயக்கக் கார்களின் சுபாவத்தைக் கணிசமாக மாற்ற விரும்புகிறவருக்கு, அந்த உயர்வைத் தரக்கூடியது எஃகே.

ஆயினும் இந்த இயலாமையே இவ்வுபாயத்தின் தலைசிறந்த நற்குணம் என்று நான் கருதுகிறேன். பின்புற விறைப்பை மிகுத்தால், பின்புறத்தில் இடம்பெயரும் பாரம் வெளிச்சக்கரத்தின்மேல் மிகுதியாக ஏறிப் பின்புறப் பிடிப்பைக் குறைக்கிறது. மழை நாளில் வளைவின் நடுவே திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வெளியே வீசிச் சுழலும் அபாயம் நெருங்கிவிடும். 1976இல் பின்தண்டோடு வெளிவந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., கடுமையாகத் திருப்புகையில் உட்புறப் பின்சக்கரத்தைத் தரையினின்று தூக்கி நிற்கும் காட்சி பிரசித்தமானது. முன்பின் விறைப்புகளின் விகிதம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஷெவர்லே கார்வேர் மற்றோர் உதாரணம்: முன்தண்டு இல்லாமல் 1960 மாடலாக விற்பனைக்கு வந்த அக்காருக்கு, ஊசலச்சு அமைப்பின் குறைகளோடு இக்குறையும் சேர்ந்துகொண்டது, 1964இல்தான் அத்தண்டு எல்லாக் கார்வேர்களுக்கும் உரிய பாகமாயிற்று. மறு ஆண்டு, கார்களின் பாதுகாப்பின்மையைக் கண்டித்து ரால்ப் நேடர் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்துக்கு இந்தக் காரே பொருளாகியது. ஆகவே வாகனத்தை வடிவமைத்தவர் நிறுத்திவைத்த சமநிலையை அதிகம் குலைக்காமல் கூர்மையை மட்டும் தருகிற ஒன்று, தினமும் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்குத் தடித்த தண்டைவிடப் பொருத்தமானது.

பாலியூரித்தேனின் தோஷங்களையும் மறைப்பதற்கில்லை. தண்டு அதற்குள் உராய்ந்து புரள்வதால், கிரீஸ் வற்றியதும் கீச்சொலி எழும். புழுதி புகுந்தால் தேயும். சிலிக்கோன் கிரீஸைத் தடவி, அவ்வப்போது கழற்றித் துடைத்துப் புதுப்பிக்கும் பொறுமை இல்லாதவர் ரப்பரோடு இருப்பதே உத்தமம். காசு மிச்சம் என்று தண்டின் முனையில் புதுத் துளையிட்டுக் கரத்தைக் குறுக்குவதும், குழாயைச் சுற்றிப் பற்றவைப்பதும் வேறு ஜாதி. வெப்பப் பதமிட்ட எஃகில் அவ்விடமே பிற்காலத்தில் விரிசலுக்குத் தோற்றுவாய் ஆகலாம் என்பதால் அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

புஷ் வாங்கப் புறப்படுமுன், வண்டியின் பெயரைக் கடைக்காரரிடம் சொல்வதோடு நிற்காமல், அதனடியில் படுத்து, வெர்னியர் காலிப்பரால் தண்டின் விட்டத்தை அளந்துகொள்ள வேண்டும். ஒரே பெயருள்ள காரில் வெவ்வேறு தடிமன் கொண்ட தண்டுகள் இருப்பதுண்டு. ஒரு மில்லிமீட்டர் பெரிய புஷ்ஷுக்குள் ஆடும் தண்டு, கழற்றி எறிந்த ரப்பரைவிடவும் மோசமாக நடந்துகொள்ளும்.