அரசியல் எழுத்தில் ஆங்கில மரபுத்தொடர்கள்: ‘வெள்ளை அறிக்கை’யை முன்வைத்து

ஆங்கில அரசியல் எழுத்திலிருந்து தமிழ் இதழ்களுக்கு வந்த மரபுத்தொடர்கள் பல, சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டவை. சொல் வந்து சேர்ந்தாலும் பொருள் அவ்வாறே வந்து சேர்வதில்லை. இதனைப் பனிப்போர், குதிரை பேரம், வெள்ளை அறிக்கை ஆகிய மூன்று தொடர்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

படைகள் நேருக்கு நேர் மோதாத பகைநிலையைக் குறிக்க ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் கையாண்ட தொடரே தமிழில் ‘பனிப்போர்’ எனப்படுகிறது. ஆங்கிலத்தில் குளிர்மை உறவின் இறுக்கத்தை உணர்த்தும். தமிழிலோ உள்ளம் குளிர்தல் மகிழ்ச்சியைக் குறிக்கும். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘கெடுபிடி யுத்தம்’ உருவகத்தை விடுத்துப் பொருளைப் பற்றுகிறது.

‘குதிரை பேரம்’ வேறு வகையானது. ஆங்கிலத்தில் அது, இரு தரப்பும் விட்டுக்கொடுத்துச் சாமர்த்தியமாகப் பேசி முடிக்கும் உடன்பாட்டையும் சுட்டும். இந்திய வழக்கில் அது சட்டமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்குதல் எனக் குறுகிவிட்டது. 2017 பிப்ரவரியில் கூவத்தூர் விடுதியில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் தங்கியிருந்த நாள்களில் இப்பொருளிலேயே அது பேசப்பட்டது. இதனைப் பிழை என்பதற்கில்லை. எனினும், இப்பொருளை மனத்திற்கொண்டு ஐரோப்பியக் கூட்டணிப் பேச்சுகள் பற்றிய ஆங்கில நூலைப் படிப்பவர், இல்லாத கையூட்டை அங்குக் காண நேரும்.

மிகுந்த கவனத்திற்குரியது ‘வெள்ளை அறிக்கை’. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பருத்த அறிக்கைகள் நீல அட்டையுடன் வெளிவந்தன. சுருக்கமானவை வெள்ளை அட்டை பெற்றன. பெயருக்குக் காரணம் அவ்வளவே. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திற்கு முன்னோடியான 1933ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையும் ஆட்சியாளரின் முன்மொழிவே. தமிழிலோ ‘வெள்ளை மனம்’, ‘வெள்ளந்தி’ என வெண்மை கள்ளமின்மையைக் குறிக்கிறது. ஆகவே எதிர்க்கட்சி வெள்ளை அறிக்கை கேட்கும்போது, ஒளிவுமறைவற்ற உண்மையைக் கேட்பதாகவே வாசகர் கொள்கிறார். அறிக்கை வெளிவந்ததும் அதே நம்பிக்கை அரசின் கூற்றுக்குச் சான்றாகி விடுகிறது. 2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கையும் அரசு தொகுத்த ஆவணமே. அதன் மெய்ம்மை கணக்குகளால் சோதிக்கப்பட வேண்டியது, பெயரால் உறுதிப்படுவதன்று.

எனவே ஒரு தொடரின் ஆங்கில மூலத்தை மட்டும் தருவது அகராதிக்குப் போதாது. தமிழில் அச்சொல்லோடு சேர்ந்துகொண்ட பொருளையும் தனியே பதிவு செய்தல் வேண்டும். அவ்வேறுபாட்டை அறிந்த வாசகரே அரசின் கூற்றையும் உண்மையையும் பிரித்தறிய இயலும்.